அம்மையார்குப்பம் பஸ் நிறுத்தத்தில் ஓர் அமெரிக்க அதிபர்

நம் அச்சகக்காரர்கள் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள் என்னிடம் ஒரு செல்போனை நீட்டினார்கள். "அண்ணே, இப்போ செத்தவரு பேரு, வயசு, தொழில் மூணையும் போட்டா இதுவே கண்ணீர் அஞ்சலி எழுதிக் குடுத்துடுது. நீங்க எப்படி எழுதுனீங்கன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்கோ. எழுதிக் குடுங்க" என்றார்கள். வாங்கி எழுத வைத்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் எழுதுகிறது. பிழை இல்லை. 'பண்பின் சிகரமே, பாசத்தின் ஊற்றே' என்று வந்தது. இன்னொரு பெயரைப் போட்டேன். மறுபடியும் சிகரம், ஊற்று. அந்த எந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது யார் வீட்டு வாசலிலும் போய் நின்று விசாரிப்பதில்லை, அவ்வளவுதான். அதை அனுப்பினால்தானே போகும்?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இதை மறைக்க மாட்டேன், சொல்வதில் எனக்குப் பெருமைதான். கனகம்மாசத்திரத்திலிருந்து ஆர்.கே.பேட்டை வரைக்கும், எல்லை தாண்டித் தெலுங்குப் பக்கத்துச் சுவர்களிலும்கூட, நாற்பத்தைந்து வருடம் என் வரிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. எம்.ஏ. படித்தவர்கள் தங்கள் அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைப்பார்கள். படித்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுவேன். "சார், இதுல உங்க அப்பா எங்க இருக்காரு?" என்று கேட்பேன். விழிப்பார்கள். பிறகு நான் கேள்வி கேட்டு, ஒரே வரி எழுதித் தருவேன். படித்துவிட்டு அழுவார்கள். படித்தவர்களை அழவைக்கிற தமிழ் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மேலேயிருந்து முருகன் கொடுத்தது கொஞ்சம், நைனா கொடுத்தது மீதி.

நைனா என்றால் எங்கள் திருத்தணி அச்சகத்து முதலாளி. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். வேலைக்காரர்களிலிருந்து காகிதம் கொண்டு வருகிற வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் நைனாதான். பன்னிரண்டு வயதில் அவரிடம் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படிக்கப் பழகி, மர எழுத்தில் போஸ்டர் கோக்கப் பழகி, மெஷின் ஓட்டி, பிறகு ஆப்செட், பிறகு கம்ப்யூட்டர் என்று எல்லாம் பார்த்து, கடைசியில் அந்த அச்சகத்தையே நான் எடுத்து நடத்தினேன். அந்தக் கதை ஏற்கெனவே உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு நானே சொல்லியிருப்பேன். ஆகவே விட்டுவிடுகிறேன்.

நைனாவின் நகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் புரூஃப் பார்க்கும்போது பேனா எடுக்க மாட்டார். மை காயாத தாளை இரண்டு கையாலும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிவைத்தபடி படிப்பார். எழுத்துப் பிழை என்றால் "ஏம்ரா" என்று தெலுங்கில் அதட்டலாக ஒரு வார்த்தை வரும். பிழை எழுத்தில் இல்லாமல் சொன்ன விஷயத்தில் இருந்தால் வார்த்தையே வராது. அந்த வரிக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக ஒரு இழு இழுப்பார். தாளில் பள்ளம் விழும். தாளை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். இது பொய், போய் விசாரித்துக்கொண்டு வா என்று அதற்கு அர்த்தம்.

அரக்கோணம் ரோட்டில் மரக்கடை வைத்திருந்த ஒருவர் தவறிப்போனார். நான் எழுதிய முதல் வரி அவருக்குத்தான். 'கொடை வள்ளல்' என்று போட்டேன். எல்லோருக்கும் அதைத்தான் போடுவார்கள் என்பது என் நினைப்பு. நகம் விழுந்தது. ஆனால் அன்றைக்கு நைனா உள்ளே போகவில்லை, நின்று சொன்னார்.

"மூணு பேரக் கேளு. ஊட்டு ஆளு ஒருத்தரு. பக்கத்து ஊட்டு ஆளு ஒருத்தரு. அவருக்கு ஆகாதவன் ஒருத்தன். ஆகாதவன் எதை இல்லைன்னு சொல்ல முடியலியோ, அதை மேல போடு."

செத்துப்போனவருக்கும் அவருடைய தம்பிக்கும் ஒரு சுவர் தகராறு. பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி வீட்டு வாசலில் போய் நின்றேன். "அவனா? ஒரு குண்டூசி குடுக்க மாட்டான்" என்றார். நான் நகரவில்லை. சாத்தப்போன கதவைப் பிடித்துக்கொண்டு, "ஆனா ஒண்ணுய்யா. ஆறு மணின்னா ஆறு மணிக்கு வந்து நிப்பான். அதுல அவனைக் கொற சொல்ல முடியாது" என்றார். 'சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவர்' என்று போஸ்டர் போட்டோம். ஊர் அதைப் படித்துவிட்டு ஆமாம் என்று தலையை ஆட்டியது. எந்த வள்ளலுக்கும் யாரும் அப்படித் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

அந்த மூன்று பேர் முறையைத்தான் கடைசி வரைக்கும் வைத்திருந்தேன். அதோடு நானே சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. வீட்டு ஆள் சொல்கிற கதையை மூன்று வெவ்வேறு நாளில் மூன்று தடவை சொல்ல வைப்பேன். பொய்யாக இருந்தால் மூன்றாவது தடவை வளர்ந்திருக்கும். நிஜக் கதை வளராது.

இந்த முறைக்கு வந்த பெரிய சோதனை அமெரிக்க முன்னாள் அதிபர் ஒருவரின் சாவு. நான் அச்சகத்தை ஒப்படைத்துவிட்டு ஓய்வு எடுப்பதற்கு முந்தைய மாதம் அது நடந்தது.

அன்றைக்குக் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். ஒருவர் தசரதன், கைத்தறிக்காரர், எழுபது வயது. இன்னொருவர் ஏகாம்பரம், தசரதனின் அக்காவைக் கட்டியவர், ஐந்து வயது மூத்தவர். தசரதனுக்கு அவர் பாவா. தசரதனின் பேத்திக்கும் ஏகாம்பரத்தின் பேரனுக்கும் தை மாதம் திருத்தணி மலையில் கல்யாணம். பத்திரிகை அடிக்க வந்திருந்தார்கள். மாதிரிப் புத்தகத்தைப் புரட்டி, மஞ்சளா சிவப்பா என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டுச் சந்தோஷச் சண்டை.

சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க முன்னாள் அதிபர் காலமானார் என்று கீழே எழுத்து ஓடியது. படமும் வந்தது. தசரதன் மாதிரிப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"போயிட்டாரா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பெருமாளண்ணே, கண்ணீர் அஞ்சலி ஒண்ணு போடணும். எங்க ஊரு பஸ் ஸ்டாப்பு, ஆர்.கே.பேட்டை, இங்க திருத்தணி கமான் வளைவுகிட்ட. மூணு எடம்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. தொழிலில் நான் சிரித்ததே இல்லை. ஆனால் ஏகாம்பரம் சிரித்தார். "இன்னாடா, ஒனக்கு இன்னா ஆவணும் அவரு? பங்காளியா?"

"அவரு நம்ம ஊருக்கு யாரு மூலமா பழக்கம்? என் மூலமா. அப்போ நான்தான சொல்லணும்?"

இந்தப் பழக்கத்தைப் பற்றி அம்மையார்குப்பத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அந்த அதிபர் பதவியில் இருந்தபோது நம் நாட்டுக்கு வந்தார். டெல்லியில் கைத்தறிக் கண்காட்சி ஒன்றில் தறி நெய்து காட்ட இங்கிருந்து தசரதனை அனுப்பியிருந்தார்கள். அதிபர் ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், தசரதனின் தறியருகே நின்று, தானும் நெய்து பார்க்கலாமா என்று சைகையில் கேட்டிருக்கிறார். பலகையில் தசரதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மிதியை மாற்றி மிதித்து, குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவை வீச, அது பாவு நூலில் சிக்கி மூன்று இழை அறுந்துபோனது. பாதுகாப்புக்காரர்கள் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். அவர் கிளம்பவில்லை. தசரதன் அந்த மூன்று இழையையும் முடிச்சுப் போட்டு, தறி அச்சில் கோத்து, சரிசெய்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். பிறகு தசரதனின் இரண்டு கையையும் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இதுதான் கதை. தசரதன் கையில் போட்டோ கிடையாது. அதனால் பாதி ஊர் நம்பியது, பாதி ஊர் அவருக்கு 'வெள்ளை மாளிகை' என்று பட்டப்பெயர் வைத்தது.

சிரித்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் முகம் மாறிப்போனது அப்போதுதான். தசரதன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"த பாரு தசரதா. அந்த ஆளு காலத்துலதான் எம் புள்ள கால் போச்சு. அவனுக்கு நீ அஞ்சலி போடுவ, அதைத் தாண்டி எம் பேரன் மாப்பிள்ளையா உன் ஊட்டுக்கு வரணுமா?"

"பாவா, அவரா வந்து குண்டு போட்டாரு?"

"இல்ல, நான் போட்டேன்! பெரிய துக்கம் ஒனக்கு. அப்போ தீட்டு புடி. பதினாறு நாளு கழிச்சி தலை முழுவு. தீட்டு ஊட்ல எவன்யா பத்திரிகை அடிப்பான்?" என்று எழுந்தவர் என் பக்கம் திரும்பி, "பெருமாளு, போஸ்டர் செவுத்துல ஏறுச்சின்னா பத்திரிகைய அடிக்காத. கல்யாணம் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

தசரதனும் போய்விட்டார். போகும்போது, "போஸ்டர் போடுண்ணே. செத்த மனுசனுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார்.

என் மேசையில் இரண்டு ஆர்டர் கிடந்தன. ஒன்றை அடித்தால் மற்றது இல்லை. உங்களில் யாராக இருந்தாலும் போஸ்டரைத் தள்ளிப் போட்டிருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். நான் அப்படிச் செய்கிறவன் இல்லை. ஊர் வாயில் 'பெருமாள் கையில் வந்த வேலை முடியாமல் போனதில்லை' என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை ஓய்வுபெறுகிற மாதத்தில் கெடுத்துக்கொள்வேனா?

ஆகவே நைனாவின் முறைப்படியே ஆரம்பித்தேன். இந்த அதிபருக்கு வீட்டு ஆள் யார்? எங்கள் பக்கத்தில் தசரதன்தான். அவரை மூன்று நாள், மூன்று தடவை கதையைச் சொல்ல வைத்தேன். முதல் நாள் கடையில். இரண்டாம் நாள் அவர் தறியில் உட்கார்ந்திருக்கும்போது. மூன்றாம் நாள் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில், எல்லோரும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் ஏற்றிச் சொல்ல நல்ல சந்தர்ப்பமாக. கதை வளரவில்லை. மூன்று தடவையும் மூன்று இழை. மூன்று தடவையும் இடது கரைப் பக்கம். அதிபர் என்ன சொன்னார் என்று நான் கேட்டபோது மூன்று தடவையும், "எனக்கு இங்கிலீசு தெரியாதுண்ணே" என்றார். பொய் சொல்கிறவன் அந்த இடத்தில் ஒரு வசனம் வைத்திருப்பான்.

பக்கத்து வீட்டுக்கு எங்கே போவது? எங்கள் தெருப் பெண் ஒருத்தி அமெரிக்காவில் நர்ஸாக இருக்கிறாள். அவள் அம்மாவிடம் கேட்டு போன் போட்டேன். "பெரியப்பா, அவருக்கு அஞ்சலியா? நீங்களா?" என்று சிரித்தாள். பிறகு, "இங்க பாதிப் பேரு அழுவுறாங்க, பாதிப் பேரு சேனல மாத்துறாங்க. ஆனா சேனல மாத்துறவங்களும் பதவி போன பின்னால அவரு நடந்துகிட்டது மரியாதின்னு சொல்றாங்க" என்றாள். குறித்துக்கொண்டேன். ஆனால் அதை மேலே போட முடியாது. அம்மையார்குப்பத்துக்காரனுக்கு அதில் என்ன இருக்கிறது?

மிச்சம் இருந்தது ஆகாதவன். ஏகாம்பரத்தைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவர் கோபம் மகனுக்காக வந்த கோபம். கால் யாருடையதோ அவனைக் கேட்க வேண்டும். முரளியைத் தேடிப் போனேன்.

முரளி ஏகாம்பரத்தின் மூத்த மகன், மாப்பிள்ளையின் அப்பா. தசரதனுக்கு அக்கா மகன். இளம் வயதில் வெளிநாட்டுக்கு லாரி ஓட்டப் போனான். அவன் இருந்த நாட்டுக்குப் பக்கத்தில் சண்டை. அந்த அதிபர் படை அனுப்பிய சண்டை. ஒரு நாள் சாமான் ஏற்றிக்கொண்டு எல்லைப் பக்கம் போனபோது ரோட்டில் குண்டு விழுந்தது. யார் போட்டது என்று இன்றுவரைக்கும் தெரியாது. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். இப்போது செயற்கைக் கால் போட்டுக்கொண்டு நான்கு விசைத்தறி ஓட்டுகிறான். நன்றாக ஓட்டுகிறான்.

நான் போனபோது தறி ஷெட்டில் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டு வந்தான். நாலாவதும் நின்றபோது காது வலித்தது, அவ்வளவு அமைதி.

"நைனா அனுப்பிச்சாரா?" என்றான். அவன் நைனா என்றது தன் அப்பா ஏகாம்பரத்தை.

"இல்லப்பா. நானா வந்தேன். அந்த அதிபரைப் பத்தி நீ எதை இல்லன்னு சொல்ல முடியாது? அதைக் கேக்க வந்தேன்."

"என்னியா கேக்குற?" என்று தன் காலைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணே, இத்தினி வருசமா யாரும் என்னைக் கேக்கலண்ணே. மாமா ஊருக்கெல்லாம் கதை சொல்வாரு. நானும் கல்யாணம் காதுகுத்துல ஒக்காந்து கேட்டுக்கினு இருப்பேன். நீ இன்னாடா நெனைக்கிறன்னு ஒரு தடவ கேட்டாரா?"

தறி ஓரத்தில் உட்கார்ந்தான். அவனே கேட்டான்.

"அந்தக் கதை நெசமா?"

"மூணு தடவை சொல்ல வச்சேன். வளரல."

"மூணு இழைதானா?"

"மூணுதான். இடது கரை."

முரளி நெசவுக்காரன். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குத் தெரியாத கணக்கு அவனுக்குத் தெரியும். விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "புது எடம். சுத்தி ஆளு. கையி நடுங்கியிருக்கும். ஒவ்வொரு இழையா புடிச்சி, முடிச்சுப் போட்டு, அச்சுல கோக்கணும்னா... அஞ்சு நிமிசமாவது ஆவும்ணே. அம்மாம் பெரிய நாட்டுக்கு அதிபதி அஞ்சு நிமிசம் சும்மா நின்னாரா?"

"நின்னாரு."

அவன் தறி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து போனான். திரும்பி வந்தான்.

"அப்போ நிக்கத் தெரியாத மனுசன் இல்ல. தான் அறுத்தது எதுன்னு கண்ணுல பட்டா நிக்கத் தெரிஞ்சிருக்கு. அதான்ணே எனக்குக் கோவமா வருது. கல்நெஞ்சுக்காரனா இருந்தா போவட்டும்னு உட்டுடலாம். இவரு எனக்கும் ஒரு நிமிசம் நின்னிருக்கலாம்ல? அதையும் போடுங்க. மாமா கதையும் இருக்கட்டும், என்னுதும் இருக்கட்டும். ரெண்டும் இருந்தா நானே பசை தடவுறேன்."

திருத்தணிக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலியில்கூட நான் குறை எழுதியதில்லை. எழுதக் கூடாது என்பது தொழிலின் சட்டம். உயிரோடு இருக்கிறவனைத் திட்டலாம், செத்தவன் பதில் சொல்ல வர மாட்டான். ஆனால் நைனாவின் நகத்தை நினைத்துப் பார்த்தேன். பாதி மட்டும் எழுதினால் அதற்குக் கீழே பள்ளம் விழுமா, விழாதா? விழும் என்று எனக்குப் பட்டது. மரக்கடைக்காரரின் குறை அவருடைய தம்பியோடு முடிந்தது. நாட்டை ஆண்டவரின் குறை அம்மையார்குப்பம் வரைக்கும் வந்து ஒரு தறி ஷெட்டில் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சட்டம் எப்படிப் பொருந்தும்?

கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்தேன். படம் தேர்ந்தெடுத்தேன். பதவியில் இருந்தபோது எடுத்த மிடுக்கான படம் வேண்டாம் என்று, முடி நரைத்த படம் ஒன்றை வைத்தேன். சிகரம், ஊற்று எதுவும் போடவில்லை. இரண்டே வரி:

'தம்மால் அறுந்த மூன்று இழைகளுக்காக எங்கள் தறியருகே நின்றவர்.
தம் காலத்துச் சண்டையில் கால் இழந்த எங்கள் பிள்ளைக்காகவும் நின்றிருக்கக் கூடியவர்.'

இரண்டாவது வரியை எட்டுத் தடவை மாற்றி எழுதினேன். 'நிற்காதவர்' என்றுதான் முதலில் போட்டேன். அது வசையாக இருந்தது. 'நின்றிருக்கக் கூடியவர்' என்றதும் அதில் குறையும் வந்துவிட்டது, மரியாதையும் கெடவில்லை, அவர் மேல் ஒரு நம்பிக்கையும் மிச்சம் இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு யாராவது பட்டம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

புரூஃபை எடுத்துக்கொண்டு தசரதன் வீட்டுக்குப் போனேன். முதல் வரியைப் படித்ததும் கண் கலங்கினார். இரண்டாவது வரியைப் படித்ததும் தாளை என் மேலேயே வீசினார்.

"இன்னாண்ணே இது? செத்தவரு மேல கொற சொல்றியா? ஒன்னப் போயி நம்பினேனே!"

"இது நான் சொன்னது இல்ல தசரதா. முரளி சொன்னது."

"முரளியா? அவன் எப்போ சொன்னான்? எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லியே."

"நீ கேட்டியா?"

தசரதன் தறிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். நெய்கிறவர்கள் வெறும் கையோடு தறியில் உட்கார்ந்தால் கை தானாக நாடாவைத் தேடும். தேடி எடுத்துக்கொண்டு, வீசாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எங்க அக்கா மவன்ணே அவன். அவன் ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்போ தோள்ல தூக்கியாந்தது நான்தான். அவன் தங்கச்சி கல்யாணம், அவன் புள்ளைக்குப் பேரு வைக்கிறது, காதுகுத்து, எல்லாத்துலயும் இந்தக் கதையத்தான் சொன்னேன். அவன் எதிர்க்கவே. எத்தினி தடவை..."

கீழே கிடந்த புரூஃபை எடுத்துத் தூசி தட்டினார். இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு முரளியின் ஷெட்டுக்குக் கிளம்பினார். நான் கூடப் போகவில்லை. தெருமுனை டீக்கடையில் நின்றேன். ஷெட்டில் நான்கு தறியின் சத்தமும் ஒவ்வொன்றாக நின்றது எனக்குக் கேட்டது. மறுபடி ஓட ஆரம்பிப்பதற்குள் இரண்டு டீ குடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் ஏகாம்பரம் வந்தார். உட்காரவில்லை. "காட்டு" என்றார். புரூஃபைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். கீழே துக்கத்தில் பங்குகொள்பவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் இருந்தது. தசரதன், முரளி.

"முரளியே போடச் சொன்னானா?"

"ஆங்."

"அந்த ரெண்டாவது வரி?"

"அவனேதான்."

நிறைய நேரம் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய உதடு அந்த இரண்டாவது வரியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. எங்கள் பிள்ளை, எங்கள் பிள்ளை என்று. தசரதன் பெயர் போட்ட போஸ்டரில் தன் மகனை 'எங்கள் பிள்ளை' என்று சொல்லியிருந்தது அவரை எங்கேயோ தொட்டுவிட்டது என்று நினைக்கிறேன். எழுதினது நான், எனக்குத் தெரியாதா?

தாளை மேசையில் வைத்துவிட்டு, "பத்திரிகை சிவப்புலியே இருக்கட்டும். அவன் மஞ்சள்னுவான், கேக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டையும் அன்றைக்கே அடித்தேன். வழக்கமாக அஞ்சலி அடிக்கிற நாளில் கல்யாணப் பத்திரிகையைத் தொட மாட்டோம். அன்றைக்குத் தொட்டேன். ஒன்று காய, ஒன்று ஓட.

அம்மையார்குப்பம் பஸ் நிறுத்தத்தில் போஸ்டர் ஒட்ட நானே போனேன். முரளி சொன்னபடி பசை தடவினான். தசரதன் மேல் முனையைப் பிடித்துக்கொண்டார். ஒட்டி முடித்ததும் நாலு பேர் கூடினார்கள், எட்டானார்கள். தசரதனை 'வெள்ளை மாளிகை' என்று கூப்பிடுகிற ஆளும் அதில் இருந்தான். படித்துவிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அப்போது ஆர்.கே.பேட்டை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே போஸ்டரை எட்டிப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறப்போன ஏகாம்பரத்தை மறித்து, "யாரு பெருசு இது? வெள்ளக்காரரு மாதிரி இருக்காரு? உங்களுக்கு இன்னா ஒறவு?" என்றார்.

ஏகாம்பரம் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு போஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க சம்பந்தி ஊட்டு மனுசன்" என்றார். பையில் கையை விட்டு ஒரு சிவப்புப் பத்திரிகையை எடுத்து கண்டக்டர் கையில் வைத்தார். "தையில கல்யாணம். மலை மேல. குடும்பத்தோட வந்துடு."